பழனியாண்டி எண்ணாத பிள்ளைகள்

எண்ணுவதற்கென்றே சம்பளம் வாங்கிய ஒருவரைப் பற்றி எழுதப்போகிறேன். வேலை கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். சாலை ஓரத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, எத்தனை பேர் நடந்து போகிறார்கள், எத்தனை சைக்கிள், எத்தனை மாட்டுவண்டி, எத்தனை லாரி என்று காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை தாளில் கோடு கிழிக்க வேண்டும். நானும் முதலில் சிரித்தவன்தான். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஊர்ச் சபை அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை. கையில் நல்ல ஜெர்மன் பேனா, தலையில் அதைவிட நல்ல கனம். ஊர்ப் பெயர் மட்டும் வேண்டாம். எங்கள் தீவின் போ பசான் நகரத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சபையில் இருந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், எனக்கும் அங்கே கல்யாணம் காட்சிக்குப் போக வேண்டியிருக்கிறது.

அவர் பெயர் பழனியாண்டி. எனக்கு உறவு ஒன்றும் இல்லை. கோயிலில் எங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் அவரைப் பெரியப்பா என்போம், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

சென்ட்ர் டி ஃப்ளாக் பக்கத்துக் கரும்புத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தாத்தா ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்தவர். அப்பா கரும்பு வெட்டியே முதுகு வளைந்தவர். இவருக்கு எப்படியோ எண் வசப்பட்டுவிட்டது. எடை மேடைக்குப் பக்கத்தில் நின்று, சிறு விவசாயிகள் கொண்டுவரும் கரும்பு வண்டிகளை எண்ணச் சொன்னார்கள். எங்கள் எல்லோரையும் போல அவருக்கும் வீட்டில் கிரியோல், கோயிலில் தமிழ்ப் பாட்டு. எண்ணுவது மட்டும் எங்கே போனாலும் தமிழில்தான். அதிலும் ஒன்று என்று தொடங்க மாட்டார். நெல் அளக்கிறவர்கள் வழக்கப்படி "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் போகும். எங்கள் தீவில் நெல் அளந்தவர் யார் என்று நான் கிண்டல் செய்ததுண்டு. அப்பா அப்படித்தான் எண்ணினார் என்பார், அதோடு பேச்சு முடிந்துவிடும்.

முப்பத்தேழாம் வருஷம் கரும்புக்குக் கொடுக்கும் விலையைக் குறைத்ததும் தோட்டங்கள் கொதித்தன. ஒரு நாள் எடை மேடையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. புத்தகத்தில் எழுதியிருந்த வண்டிகளைவிட நாங்கள் கொண்டுவந்த வண்டிகள் அதிகம் என்று விவசாயிகள் கத்தினார்கள். மேற்பார்வையாளர் இல்லவே இல்லை என்றார். யாரோ பழனியாண்டியைப் பார்த்து, நீ சொல் என்றார்கள். அவர் சொல்லிவிட்டார். அந்த வாரத்தில் ஒவ்வொரு நாளும் வந்த வண்டி எத்தனை என்று, தாளைப் பார்க்காமல், முதலாளியின் ஆட்களுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். மறுநாள் காலை தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மனைவி அலமேலுவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு, தேர் ரூஜில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் சில மாதம் ஒண்டியிருந்துவிட்டு, எங்கள் ஊருக்குக் கல் உடைக்கும் கூலியாக வந்து சேர்ந்தார்.

இதெல்லாம் நான் பிறந்த வருஷத்துக் கதை. நான் அவரை அறிந்தது அறுபதாம் வருஷத்துப் புயலுக்குப் பிறகு. அந்தப் புயல் தகர வீடுகளையெல்லாம் வாரிக்கொண்டு போனதும், தீவு முழுக்கக் கான்கிரீட் பைத்தியம் பிடித்தது. எங்கள் ஊரின் மேற்குப் பக்கத்தில் இருந்த கரும்பு நிலத்தை மனை மனையாக வெட்டி விற்றார்கள். மாதம் ஒரு வரிசை வீடு எழும்பியது. வீடு வந்தால் ஆள் வரும், ஆள் வந்தால் வண்டி வரும். சாலைகளோ மாட்டுவண்டிக் காலத்தில் போட்டவை.

அதற்காகச் சபை ஒரு ஏற்பாடு செய்தது. புதிதாக வீடோ கடையோ கட்டுகிறவரும், நிலத்தை மனையாகப் பிரிக்கிறவரும், கட்டட அனுமதி வாங்கும்போதே ஒரு சாலைக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் தனியாக இருக்கும். நடைபாதை, சாலையைக் கடக்கும் வெள்ளைக் கோடு, எச்சரிக்கைப் பலகை, சாக்கடை மூடி தவிர வேறு எதற்கும் அதைத் தொடக் கூடாது. சுவர் எழுப்புமுன்னே நடக்கிறதுக்குக் காசா என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் கட்டினார்கள். எங்கே செலவழிப்பது என்பதில் சண்டை வரும் என்று தெரிந்துதான், இங்கிலாந்திலிருந்து வந்த பொறியாளர் லிண்ட்சே ஒரு விதி போட்டார்: எந்தச் சாலையில் அதிகம் பேர் நடக்கிறார்களோ அந்தச் சாலைக்குத்தான் முதல் நடைபாதை. லிண்ட்சேயின் பிரெஞ்சைக் கேட்டால் பல் வலிக்காரர் பேசுகிறார் என்று தோன்றும். ஆனால் விதி நல்ல விதி. நான் அப்போதும் அதை ஒப்புக்கொண்டேன்.

எண்ணுவதற்கு ஆள் வேண்டும் என்றபோது சாலைக் கூலிகள் எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். பழனியாண்டிக்கு முக்காலியும் பென்சிலும் கிடைத்தன. நாள் கூலிதான். வருஷ முடிவில் நிரந்தரம் ஆக்குகிறோம் என்று லிண்ட்சே சொல்லியிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்தார்.

அறுபத்து மூன்றாம் வருஷம் பணம் ஒரு நடைபாதைக்குத்தான் போதும் என்று ஆயிற்று. போட்டியில் இரண்டு சாலைகள். ஒன்று சினிமாக் கொட்டகைச் சாலை. கொட்டகைக்காரர் ஃபிலிப் சபையிலும் உறுப்பினர். கொட்டகையை இரண்டு மடங்காகப் பெரிதாக்கி, கட்டணமும் கட்டியிருந்தார். நான் கட்டிய பணம், என் வாசலுக்கு வரட்டும் என்று வெளிப்படையாகவே சொல்வார். மற்றது கால்வாய்ச் சாலை. புது மனைகளிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி. ஒரு பக்கம் உயரமான கல் சுவர், மறுபக்கம் இடுப்பளவு பள்ளம், நடுவில் கரும்பு லாரிகள். செப்டம்பர் மாதம் பழனியாண்டி இரண்டு சாலைகளிலும் உட்கார்ந்து எண்ணி, தாள்களில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். கொட்டகைச் சாலையில் நடந்தவர்கள் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. கால்வாய்ச் சாலையில் இருநூற்று அறுபத்து மூன்று. கொட்டகைச் சாலைக்கு நான் படம் வரையத் தொடங்கிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு காலை, அனுமதி இல்லாமல் கடை கட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு நோட்டீஸ் கொடுக்கக் கால்வாய்ச் சாலை வழியாகப் போனேன். ஏழே முக்கால் மணி இருக்கும். வளைவு திரும்பியதும் பிள்ளைகள் நடுவில் மாட்டிக்கொண்டேன். முன்னாலும் பின்னாலும் பிள்ளைகள்தான். நீலச் சட்டை, வெள்ளைச் சட்டை, இரட்டைச் சடை, தலையில் புத்தகப் பை, பாதிப் பேருக்குக் காலில் செருப்பில்லை. எங்கோ ஒரு லாரி ஆரன் அடித்தது. ஒருவரும் கத்தவில்லை, ஓடவில்லை. பெரியவர்கள் சின்னவர்களின் கையைப் பிடித்தார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டார்கள். சாலையில் நின்றது நான் ஒருவன்தான். ஒரு சிறுமி என் கால்சட்டையைப் பிடித்து இழுத்து, இறங்கு மிசியே என்றாள், கிரியோலில் ஐயா என்பதை அப்படித்தான் சொல்வோம். இறங்கினேன். தலைக்கு மேலே கரும்பு உரசிக்கொண்டு போனது. பிறகு எல்லோரும் ஏறி, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள்.

தினமும் இதைச் செய்கிறார்கள் என்பது அந்த ஒழுங்கிலேயே தெரிந்தது. இத்தனை பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பாடத்தை யார் கற்றுக்கொடுத்தது என்று யோசித்தால், லாரி கற்றுக்கொடுத்திருக்கிறது. அன்று என் ஜெர்மன் பேனாவை நினைத்து எனக்கே வெட்கமாகிவிட்டது.

நோட்டீஸைக் கொடுக்காமலே அலுவலகத்துக்குத் திரும்பி, தாள்களை எடுத்துப் பார்த்தேன். இருநூற்று அறுபத்து மூன்று. ஒரே ஒரு லாரி போகும் நேரத்தில் பள்ளத்தில் என்னோடு நின்றவர்களே நூறு பேருக்குக் குறையாது. கோபம் தலைக்கேறியது. பழனியாண்டி பின்கட்டில் வண்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, கால்வாய்ச் சாலையில உட்கார்ந்து தூங்கினீங்களா?" என்று கேட்டேன்.

முப்பது வருஷமாக அவரிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். எண்ணெய்க் குவளையைக் கீழே வைத்தார். "தம்பி, தூங்கலே. நடந்து போன ஒவ்வொருத்தருக்கும் கோடு இருக்கு."

"பிள்ளைகளுக்கு?"

அவர் என்னை ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டவனைப் போலப் பார்த்தார். "பிள்ளைகளை யாராவது எண்ணுவாங்களா?"

எங்கள் வீட்டிலும் அம்மா பிள்ளைகளை எண்ணிச் சொல்ல விடமாட்டாள். பந்தியில் உட்கார்ந்த பிள்ளைகளை எண்ணினால் கண் பட்டுவிடும் என்று திட்டுவாள். யாராவது எத்தனை பிள்ளை என்று கேட்டால், கடவுள் கொடுத்தது இருக்கு என்பாள். எனக்குத் தெரியாத வழக்கம் அல்ல. ஆனால் அரசாங்கத் தாளில் அதைக் கொண்டுவந்து வைப்பார் என்று யார் நினைத்தது? நாயை எண்ணியிருக்கிறீர்கள், கோழி வண்டியை எண்ணியிருக்கிறீர்கள், நடைபாதை யாருக்கு வேண்டுமோ அவர்களை விட்டுவிட்டீர்கள் என்று கத்தினேன். வயதுக்கு மரியாதை இல்லாமல்தான் கத்தினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அவர் வண்டிச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தார்.

"நாப்பத்து நாலுல ஜனத்தொகை எடுக்க ஒருத்தர் வந்தார். எத்தனை பிள்ளைன்னு கேட்டார். நான்தான் எண்ணுறதுல பெரிய ஆளாச்சே. விரலை நீட்டி மூணுன்னு சொன்னேன். பெருமையாச் சொன்னேன், தம்பி. அடுத்த வருஷம் இளம்பிள்ளை வாதம் வந்துச்சு. ருக்மணிக்குக் கால் போச்சு. சுப்ரமணியன் போயிட்டான். நாலு வயசு."

ருக்மணியை எனக்குத் தெரியும். அந்தக் கால்வாய்ச் சாலைப் பள்ளிக்கூடத்தில்தான் ஆசிரியை. ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பாள். தம்பி ஒருவன் இருந்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஐம்பத்து ரெண்டுல மறுபடி வந்தாங்க. போன வருஷமும் வந்தாங்க. பேரைச் சொல்றேன், நீங்களே எண்ணிக்குங்கன்னு சொன்னேன்," என்றார்.

கிருமிக்கும் விரலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன்.

எந்தச் சாலைக்கு நடைபாதை என்று முடிவு செய்யும் சபைக் குழு கூடுவதற்கு ஆறு நாள்தான் இருந்தது. லிண்ட்சேயிடம் போனோம். அவர் முழுக்கக் கேட்டார். நானே போய் எண்ணிவிடுகிறேன் என்றேன். முடியாது என்றார். தாளில் கையெழுத்து பழனியாண்டியுடையது. தாள் தவறு என்றால் அவரே குழுவின் முன்னால் நின்று, ஏன் தவறு என்று சொல்ல வேண்டும், சரியான எண்ணையும் அவரே கொண்டுவர வேண்டும். "அப்படிச் சொன்னால் உன்னை நிரந்தரமாக்க என்னால் முடியாது. தவறு செய்தேன் என்று ஒப்புக்கொண்டவனை எண்ணும் வேலையில் வைத்திருக்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் ஒருவரும் கேட்கப்போவதில்லை," என்றார். அவர் கெட்டவர் அல்ல, உள்ளதைச் சொன்னார்.

வெளியே வந்ததும் கேட்டேன், என்ன செய்யப்போகிறீர்கள் என்று. வேலை போகட்டும் தம்பி, எண்ண மட்டும் முடியாதே என்றார். அவருக்கு இருந்த சிக்கல் அது ஒன்றுதான். வேலையைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நானாக இருந்தால் பேசியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஏழு கறிச் சாப்பாடு. பந்தி முடிந்து கை கழுவப் போனபோது, மடப்பள்ளியின் பின்னால் பெரியப்பா குந்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். ரசத்துக்குக் கரைத்த புளியின் சக்கையைத் துழாவி, கொட்டைகளைப் பொறுக்கிக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு மாவுச் சாக்கு. எதற்கு என்று கேட்டேன்.

"எண்ணப் போறதில்லே. ஒரு பிள்ளை போனா ஒரு கொட்டை சாக்குக்குள்ள போகும். எத்தனைன்னு எனக்கு எதுக்கு? சாக்குக்குத் தெரிஞ்சா போதும்."

செவ்வாய்க்கிழமை காலை கால்வாய்ச் சாலையில் நானும் போய் நின்றேன். அவர் முக்காலியில் உட்காரவில்லை. வளைவில் நின்றுகொண்டார். இடது பையில் கொட்டை, காலடியில் வாய் திறந்த சாக்கு. ஒவ்வொரு பிள்ளை தாண்டும்போதும் ஒன்றை எடுத்துப் போட்டார். உதடு அசையவே இல்லை. எண்ணத் தெரிந்த மனிதன் எண்ணாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் பார்த்தேன். மனசுக்குள் லாபம், ரெண்டு என்று ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். அதை அடக்க, ஒவ்வொரு பிள்ளையிடமும் "பார்த்துப் போ, பார்த்துப் போ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, கிரியோல் பிள்ளை, சீனக் கடைக்காரரின் இரட்டைப் பெண்கள், எல்லோருக்கும் ஒரு கொட்டை, ஒரு பார்த்துப் போ. பள்ளிக்கூட மணி அடித்ததும் சாக்கின் வாயைக் கட்டினார்.

சாயங்காலம் திரும்பி வருவார்களே, அப்போதும் போட வேண்டாமா என்றேன்.

"போன பிள்ளைதானே திரும்பி வரும். போனதெல்லாம் வந்துட்டா போதும்," என்றார்.

வியாழக்கிழமை நான்கு மணிக்குக் குழு கூடியது. நீண்ட மேசை. தலைமையில் முஸ்யே ஆன்றி, வயதான நோட்டரி. எதையும் இரண்டு முறை படிக்கிறவர். பக்கத்தில் லிண்ட்சே. எதிரே ஃபிலிப், புது சூட்டில். நான் படங்களோடு ஓரத்தில் இருந்தேன். பழனியாண்டி கதவுக்கு உள்ளே, கோயிலுக்குப் போகும் வெள்ளைச் சட்டையில், சாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"உன் தாள் தவறு என்கிறார்கள். உண்மையா?" என்று கேட்டார் ஆன்றி.

"உண்மை மிசியே. பிள்ளைகளை விட்டுட்டேன்."

"ஏன்?"

"எங்க பக்கம் பிள்ளைகளை எண்ண மாட்டோம். எண்ணினா அதுங்களுக்கு ஆகாது."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு வந்தது. ஃபிலிப்தான் அதிகம் சிரித்தார். என் காது சுட்டது. அதே வழக்கத்தில் வளர்ந்தவன் நான், ஆனால் அந்த நிமிஷம் இவர் வேறு ஏதாவது காரணம் சொல்லக் கூடாதா என்று நினைத்தேன். அவருக்குப் பொய் வரவில்லை.

பிறகு சாக்கை அவிழ்த்து மேசை மேல் கொட்டினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கொட்டிக்கொண்டே இருந்தது. பழுப்பும் கறுப்புமாகப் பளபளத்துக்கொண்டு, காகிதங்களின் மேல், மைக்கூட்டைச் சுற்றி, தண்ணீர்க் குவளைகள்வரை பரவியது. எனக்கு எண்களோடுதான் பிழைப்பு. எண் என்றால் தாளின் ஓரத்தில் எழுதுவது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அது மேசை நிறையக் கிடந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"கால்வாய்ச் சாலையில ஒரு காலையில போன பிள்ளைங்க. ஒரு பிள்ளைக்கு ஒண்ணு," என்றார்.

"என் சாலையில் பிள்ளைகள் நடப்பதில்லையா?" என்றார் ஃபிலிப். நியாயமான கேள்விதான்.

பழனியாண்டி சட்டைப் பையிலிருந்து முடிச்சுப் போட்ட ஒரு கைக்குட்டையை எடுத்து, மேசையின் மறுகோடியில் தனியாக வைத்தார். "புதன்கிழமை அங்கேயும் நின்னேன், மிசியே." எனக்கே அது தெரியாது. அங்கே போய் நிற்கும்படி அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை.

ஃபிலிப்புக்குக் கோபம் வந்துவிட்டது. "வாக்குப்பெட்டி வைக்கிற இடத்தில் புளியங்கொட்டையா? சபை என்ன சந்தைக்கடையா?" என்று சொல்லி, தன் காகிதங்களின் மேல் வந்து விழுந்திருந்ததைப் புறங்கையால் தள்ளினார். ஒரு கொட்டை மேசையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. மரத்தரையில் இரண்டு முறை துள்ளும் சத்தம் கேட்டது, பிறகு ஒன்றும் இல்லை.

பழனியாண்டி உடனே முழங்காலில் இறங்கிவிட்டார். மேசைக்கு அடியில் தலையை விட்டு, கைகளால் தரையைத் தடவித் தேடினார்.

"விடு, ஒன்றுதானே," என்றார் ஆன்றி.

மேசைக்கு அடியிலிருந்து அவர் குரல் வந்தது. "அது ஒரு பிள்ளை, மிசியே."

முஸ்யே ஆன்றி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார், நாற்காலியைப் பின்னால் தள்ளினார், கை ஊன்றி மெல்லத் தரையில் இறங்கினார். எழுபது வயது நோட்டரி நாலு காலில் நிற்பதைப் பார்த்து லிண்ட்சேயும் இறங்கினார். அப்புறம் நான் எப்போது இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. நோட்டரியும் பொறியாளரும் வியாபாரியுமாக, அந்தச் சபையே மேசைக்கு அடியில் ஒரு புளியங்கொட்டையைத் தேடியது. அலமாரியை நகர்த்தினோம், பாயைச் சுருட்டினோம். கிடைக்கவில்லை. பழனியாண்டியின் முகம் வெளுத்துவிட்டது. மூடநம்பிக்கை என்று சொல்லிக்கொண்டு திரிந்த நானே, முருகா கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

கடைசியில் ஃபிலிப்தான் எழுந்தார், தன் கால்சட்டையின் கீழ் மடிப்புக்குள் விரலை விட்டார். கொட்டை அங்கே இருந்தது. அதை அவர் எறியவில்லை. நடந்து வந்து பழனியாண்டியின் உள்ளங்கையில் வைத்தார். பழனியாண்டி அதைச் சட்டையில் துடைத்து, குவியலின் நடுவில் வைத்தார்.

"யாராவது எண்ணுங்கள்," என்றார் ஆன்றி.

நான் எண்ணினேன். பத்துப் பத்தாகப் பிரித்து, லிண்ட்சே சரிபார்க்க எண்ணினேன். பழனியாண்டி அனுமதி கேட்டுக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். எண் காதில் விழாமல் இருக்க, முருகா முருகா என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே எங்களுக்கெல்லாம் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. கைக்குட்டையில் ஐம்பத்தெட்டு. மேசையில் நானூற்று முப்பத்தேழு. பழைய தாளோடு கூட்டினால் கொட்டகைச் சாலைக்கு நானூற்று நாற்பத்தொன்பது, கால்வாய்ச் சாலைக்கு எழுநூறு.

"இந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள்தானே புது மனைகளில் வீடு கட்டி நம்மிடம் கட்டணம் கட்டியவர்கள்?" என்று ஆன்றி கேட்டார். லிண்ட்சே ஆமாம் என்றார். வாக்கெடுப்பில் ஃபிலிப்பும் கை தூக்கினார்.

கால்வாய்ச் சாலைக்கு நடைபாதை கிடைத்தது, பழனியாண்டிக்கு வேலை நிரந்தரமாகவில்லை. எண்ணும் வேலையையும் எடுத்துவிட்டார்கள். பிழை ஒப்புக்கொண்ட ஆள் என்று கோப்பில் ஒரு வரி. நான் லிண்ட்சேயிடம் சண்டை போட்டுப் பார்த்தேன், ஆன்றிக்குக் கடிதம் எழுதினேன், ஒன்றும் நடக்கவில்லை. பெரியப்பா பழையபடி சாலைக் கூலியானார். அடுத்த ஏப்ரலில் நடைபாதைக்கு ஓரக்கல் பதித்த ஆட்களில் அவரும் ஒருவர். ஒவ்வொரு கல்லையும் வைத்துவிட்டு, அதன்மேல் ஏறி நின்று, ஆடுகிறதா என்று பார்ப்பார். மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் கேட்க மாட்டார். சாக்கை மட்டும் அன்றைக்கே சபையில் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்.

அறுபத்தெட்டு பிப்ரவரியில், தைப்பூசம் முடிந்த கையோடு, காய்ச்சலில் விழுந்து இறந்துபோனார். அந்த வாரம் நான் ஊரில் இல்லை. மார்ச் பன்னிரண்டாம் தேதி, சுதந்திரக் கொடி ஏறிய அன்று மத்தியானம்தான் அவர் வீட்டுக்குப் போக முடிந்தது. கால்வாய்ச் சாலை வழியாகத்தான் போனேன். பிள்ளைகள் கையில் காகிதக் கொடிகளோடு நடைபாதையில் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு லாரி ஆரன் அடித்துக்கொண்டு போனது. ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே நடந்தார்கள். அந்த ஓரக்கல்லின்மேல் நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டில் ருக்மணி மட்டும் இருந்தாள். அலமேலு பெரியம்மா கோயிலுக்குப் போயிருந்தார்கள். சாமி அலமாரியின் கீழே அந்த மாவுச் சாக்கு இருந்தது. பார்க்கலாமா என்று கேட்டேன். எடுத்து என் முன்னால் வைத்தாள். முடிச்சை அவிழ்த்தேன். ஐந்து வருஷம் ஆகியும் கொட்டைகள் அப்படியே பளபளப்பாக இருந்தன. பழக்க தோஷம், என் விரல்கள் தானாகப் பத்தைப் பிரிக்கப் போயின.

ருக்மணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எண்ணாதீங்க அண்ணே. அன்னிக்கு சாயங்காலம் சபையிலேருந்து சாக்கோட வீட்டுக்கு வந்ததும், அப்பா ஒரு கொட்டை கூடுதலாப் போட்டார். தம்பியும் உள்ளே இருக்கான்."

நான் சாக்கின் வாயைக் கட்டி அவள் கையில் கொடுத்தேன்.